வலி நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் வலி சிகிச்சைக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தூரத்து ஊர்களிலிருந்தும் பஸ் மாறி வந்து இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். வழக்கமாக இந்தக் கூடுகையில் கட்டி முடித்த வார்டைப் பற்றியும், வாங்கிய கருவிகளைப் பற்றியும் உங்களுக்குக் கணக்குச் சொல்லுவோம். இந்த முறை எந்தக் கருவியிலும் படம் விழாத ஒரு வியாதியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அதில் நாங்கள் செய்த ஒரு தவற்றையும் மறைக்காமல் சொல்லப்போகிறோம்.

மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தீராத வலியோடு வாழும் மக்களைப் பற்றியது இது. முதுகு வலி, மூட்டு வலி, கழுத்து வலி, சர்க்கரை வியாதியினால் வரும் கால் எரிச்சல், ஆபரேஷனுக்குப் பிறகும் விடாத வலி என்று இவர்களுடைய துன்பம் பலவிதம். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை, அல்லது விட்டு விட்டுத் திரும்ப வரும் வலியை, நாட்பட்ட வலி என்கிறோம். இந்த வலியோடு கூடவே சத்தமில்லாமல் வீட்டுக்குள் நுழைவது மனச்சோர்வு. இவை இரண்டும் சேர்ந்தால் மனிதர் எழுந்து நடப்பதும், வேலை செய்வதும், பிள்ளைகளைக் கவனிப்பதும் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன.

மஞ்சள் பையோடு வந்த சகோதரி

ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்லுகிறோம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். பனங்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். வயது 46. பனை ஓலைப் பெட்டி முடைவதில் கைதேர்ந்தவர். கருப்பட்டி வைக்கும் பெட்டி, கல்யாணப் பலகாரப் பெட்டி என்று அவர் முடைந்தவை பக்கத்து ஊர்களிலும் விலைபோயின. ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. முதுகில் பிடித்த வலி மட்டும் போகவில்லை.

எங்களிடம் வந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். பயப்படும்படி ஒன்றும் இல்லை. மாத்திரை கொடுத்தோம். இடுப்புக்குப் பெல்ட் கொடுத்தோம். "குனியாதீர்கள், பாரம் தூக்காதீர்கள், நன்றாக ஓய்வு எடுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். மறுபடியும் வந்தார். மாத்திரையை மாற்றினோம். ஊசி போட்டோம். இப்படியே நான்கு வருஷம் போயிற்று. ஒரு மஞ்சள் துணிப்பையில் எங்கள் சீட்டுகளும், வேறு இடங்களில் எழுதிக்கொடுத்த சீட்டுகளும், எக்ஸ்ரே படங்களும் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. அவருடைய வெளிநோயாளி அட்டையில் எங்கள் கையெழுத்து 11 இடங்களில் இருக்கிறது. அந்த 11 தடவையும், "நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள்?" என்று நாங்கள் கேட்கவில்லை.

பன்னிரண்டாவது தடவை ஒரு நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டார். சகோதரி பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தார். கூட வந்திருந்த மகள்தான் சொன்னாள்: "அம்மா ஒண்ணும் செய்யமாட்டாங்க அக்கா. சுவரைப் பாத்துப் படுத்திருப்பாங்க. நான் ஸ்கூல்ல இருந்து வரும்போதும் அப்படியேதான் கிடப்பாங்க."

நர்ஸ் அவரைத் தனியே அழைத்துப்போய் உட்காரவைத்துப் பேசினார். நான்கு வருஷமாகப் பெட்டி முடையவில்லை, சொந்த அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை, ஆலயத்துக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இரவில் இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை தூக்கம் இல்லை. ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடைசியாக, "நான் போய்ச் சேர்ந்துட்டா இந்தப் புள்ளைக்காவது விடிவு கிடைக்கும்னு தோணும்மா" என்று சொல்லி அழுதார். வீட்டில் யாரிடமும் அதை அவர் சொன்னதில்லை. "ஏன் எழுந்து கொஞ்சம் நடந்து பார்க்கவில்லை?" என்று கேட்டபோது, "நீங்கதானே படுக்கச் சொன்னீங்க? வலி நிக்கட்டும், பொறவு எந்திக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

இந்த வார்த்தை எங்களைக் குத்திற்று. அவர் எங்கள் சொல்லுக்குக் கீழ்ப்படிந்துதான் நான்கு வருஷம் படுத்திருந்தார்.

காவல்காரனும் ஓயாத மணியும்

வலி தன்னிலே தீயது அல்ல. இதை நமக்கு நன்றாக விளங்கவைத்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் நம்முடைய கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், வலி தெரியாததினால் ஏற்படும் காயங்களே பெரும்பாலும் அவர்களுடைய கைகளையும் கால்களையும் அழிக்கின்றன என்று அவர் கண்டார். சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் கை பின்வாங்காது. முள் தைத்தாலும் கால் நிற்காது. வலி என்பது யாரும் விரும்பாத ஒரு வரம் என்ற கருத்தில் 1993-இல் பிலிப் யான்சியோடு சேர்ந்து ஒரு புத்தகமும் எழுதினார்.

ஆகவே வலி ஒரு காவல்காரன். அடுப்பில் கை பட்டவுடன் எச்சரிக்கிறது. எலும்பு முறிந்தால் அசையாதே என்று சொல்லுகிறது. காயம் ஆறியதும் காவல்காரன் ஓய்ந்துவிடவேண்டும். நாட்பட்ட வலியில் அவன் ஓய்வதில்லை. திருடன் போய் வெகுநாள் ஆனபின்னும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நரம்புகளும், தண்டுவடமும், மூளையும் வலிக்கு மிஞ்சிய கூர்மை அடைந்துவிடுகின்றன. லேசான தொடுதலும் சாதாரண அசைவும் அப்போது ஆபத்தாகத் தெரிகின்றன.

இதனால்தான் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பல நேரங்களில் நம்மை ஏமாற்றுகின்றன. முதுகு வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. 20 வயதில் இருந்தவர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதில் இருந்தவர்களில் 96 சதவீதம் பேருக்கும் தட்டுத் தேய்மானம் காணப்பட்டது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை. "தட்டு தேய்ந்துவிட்டது" என்று எழுதியிருக்கும் ஒரு சீட்டைப் பார்த்து, இனி வாழ்க்கை முடிந்தது என்று படுக்கையில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப்பாருங்கள்.

அதற்காக வலி பொய் என்றோ, மனதிலே மாத்திரம் இருக்கிறது என்றோ நாங்கள் சொல்லவில்லை. "எல்லாம் உன் பிரமை" என்ற சொல்லைப்போல ஒரு நோயாளியைக் காயப்படுத்துவது வேறில்லை. வலி உண்மையானது. சில அடையாளங்கள் இருந்தால் உடனே தீவிரமாகப் பரிசோதிக்கவும் வேண்டும். காரணமில்லாமல் உடல் மெலிதல், காய்ச்சல், முன்பு புற்றுநோய் இருந்திருத்தல், கால் பலம் குறைந்துகொண்டே போதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுக்குள் இல்லாமல் போதல் ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. இவற்றைப் பார்த்து, இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் நாங்கள் மற்றதைப் பேசுகிறோம்.

சுற்றிச் சுற்றி வரும் செக்கு

இனி, வலியும் மனச்சோர்வும் எப்படிக் கைகோர்க்கின்றன என்று பாருங்கள். வலிக்கிறது என்று ஒருவர் அசைவைக் குறைக்கிறார். அசையாத தசை சில வாரங்களிலேயே மெலிகிறது, மூட்டு இறுகுகிறது. அடுத்த முறை எழுந்தால் பத்து அடி நடக்குமுன்னே வலிக்கிறது. நடந்ததினால்தான் வலி என்று அவர் பயந்து மறுபடியும் படுக்கிறார். வேலை போகிறது, வருமானம் போகிறது. "இந்த வீட்டுக்கு நான் ஒரு பாரம்" என்ற எண்ணம் வருகிறது. தூக்கமும் பசியும் கெடுகின்றன. இதுவரை சந்தோஷம் தந்தவற்றில் மனம் ஒட்டுவதில்லை. இதுவே மனச்சோர்வு.

மனச்சோர்வு வந்தபின் வலி கூடுகிறது. இது வெறும் எண்ணமல்ல, சரீரத்தில் நடப்பது. மெல்சாக் என்ற உளவியல் அறிஞரும் வால் என்ற நரம்பியல் அறிஞரும் 1965-இல் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாசலைக் கடந்துதான் மேலே போகிறது, மூளையிலிருந்து கீழே வரும் கட்டளைகள் அந்த வாசலைத் திறக்கவும் அடைக்கவும் முடியும் என்றார்கள். பிற்கால ஆராய்ச்சிகள் அவர்களுடைய விளக்கத்தில் பல திருத்தங்களைச் செய்திருந்தாலும், மூளை வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்ற அடிப்படை நிலைத்து நிற்கிறது. வலியை அடக்கும் அந்தப் பாதையில் வேலைசெய்யும் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரசாயனங்களே மனநிலையிலும் பங்கு வகிக்கின்றன. ஆகவே மனம் சோரும்போது வாசல் அகலத் திறந்துகொள்கிறது என்று எளிமையாகச் சொல்லலாம்.

வலி, அசையாமை, சோர்வு, அதிக வலி என்று செக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது. மாத்திரை மட்டும் கொடுத்து இந்தச் செக்கை நிறுத்த முடியாது என்பதை நாங்கள் 11 சீட்டுகள் எழுதிய பிறகு கற்றுக்கொண்டோம்.

இது நம்முடைய ஊருக்கு மாத்திரம் உரிய துன்பம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் 15 மையங்களில் 5,000-க்கும் மேற்பட்ட வெளிநோயாளிகளை விசாரித்து நடத்திய ஆய்வின் முடிவு 1998-இல் வெளியானது. நம் நாட்டில் பெங்களூர் அதில் ஒரு மையம். வந்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு விடாத வலி இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு மனச்சோர்வோ மனப்பதற்றமோ இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாக இருந்தது.

நம்முடைய மக்கள் மனச்சோர்வை அந்தப் பெயரில் சொல்லுவதில்லை. "உடம்பெல்லாம் அசதி", "நெஞ்சு அடைக்கிறது", "தலை பாரமாய் இருக்கிறது", "சாப்பாடு இறங்கவில்லை" என்றுதான் சொல்லுவார்கள். மருத்துவரும் அசதிக்கு ஒரு டானிக், நெஞ்சுக்கு ஒரு இ.சி.ஜி., தலைக்கு ஒரு மாத்திரை என்று எழுதிக்கொண்டே போவார். எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் துக்கத்தை யாரும் தொடுவதில்லை.

இப்போது நாங்கள் செய்வது என்ன?

முதலாவதாக, கேட்கிறோம். மூன்று மாதங்களுக்கு மேல் வலி என்று வரும் எவரிடமும் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறோம். கடந்த இரண்டு வாரங்களாக எதிலும் ஆர்வமில்லாமல் இருக்கிறதா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருக்கிறதா? ஆம் என்றால் இன்னும் விவரமாகக் கேட்கிறோம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பதையும் நேராகவே கேட்கிறோம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது சரியல்ல. கேட்கும்போதுதான் பலர் முதன்முறையாக வாய் திறக்கிறார்கள். நம் நாட்டில் வருஷந்தோறும் வெளியாகும் அரசாங்கக் குற்றப் பதிவேட்டு அறிக்கைகளில், தற்கொலைக்குக் காரணங்களாகக் குடும்பப் பிரச்சினைக்கு அடுத்தபடியாக வியாதியே இடம்பெற்று வருகிறது. இதை அறிந்த பின்பு நாங்கள் கேளாமல் இருக்க முடியாது.

இரண்டாவதாக, வலியின் அளவை மட்டும் எழுதாமல், அவரால் என்ன செய்ய முடிகிறது என்பதை எழுதுகிறோம். எத்தனை நிமிஷம் உட்காரமுடிகிறது? எவ்வளவு தூரம் நடக்கமுடிகிறது? தானே குளிக்கிறாரா? சோறு வடிக்கிறாரா? அடுத்த தடவை வரும்போது இவற்றைத்தான் ஒப்பிடுகிறோம்.

மூன்றாவதாக, அசைவைச் சிறிது சிறிதாகத் திரும்பக் கொடுக்கிறோம். முன்பு முதுகு வலிக்கு வாரக்கணக்கில் படுக்கை ஓய்வு சொல்லுவது வழக்கம். 1986-இல் அமெரிக்காவில் திடீர் முதுகு வலிக்காரர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. இரண்டு நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்கள், ஏழு நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்களைப் போலவே குணமடைந்தார்கள். வேலைக்கு மட்டும் இவர்கள் சீக்கிரம் திரும்பினார்கள். அதற்கு முன்பே, 1960-களிலும் 70-களிலும், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் நாட்பட்ட வலியில் வேறொரு முறையைக் கையாண்டுவந்தார். வலிக்கும்வரை செய்து வலித்தவுடன் நிறுத்துவதை விட்டுவிட்டு, முன்கூட்டியே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு அந்தக் கணக்கு முடிந்தவுடன் நிறுத்தவேண்டும் என்பது அவருடைய முறை. கணக்கைத் தாராளமாகக் குறைத்தே தொடங்கவேண்டும். வலி நல்லபடியாக இருக்கும் நாளிலும் கணக்கை மீறக்கூடாது, மோசமான நாளிலும் முழுவதுமாக விட்டுவிடக்கூடாது.

நான்காவதாக, மருந்தை அதற்குரிய இடத்தில் வைக்கிறோம். கடையில் கேட்டு வாங்கி வருஷக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளும், டுலாக்செடின் போன்ற பிந்திய மருந்துகளும் சிலவகை வலிக்கும் மனச்சோர்வுக்கும் உதவுகின்றன. இவை தூக்க மாத்திரையோ போதை மருந்தோ அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடக்கூடாது. மருத்துவர் சொல்லாமல் கூட்டவோ திடீரென்று விடவோ கூடாது.

ஐந்தாவதாக, குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேசுகிறோம். அன்பினாலே எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளும் வீட்டாரும் உண்டு. "நடிக்கிறாள்" என்று ஏசும் வீட்டாரும் உண்டு. இரண்டுமே அந்த நோயாளியைப் படுக்கையிலேதான் வைக்கின்றன.

இப்படி இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதினால் பலன் உண்டா? 2009-இல் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் முடிந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். நாட்பட்ட தசை, மூட்டு வலியும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 250 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மனச்சோர்வுக்கான மருந்தைச் சரியான அளவில் கொடுத்து, வலியோடு வாழும் முறைகளையும் கற்றுக்கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. ஒரு வருஷம் கழித்து, முதல் பிரிவில் 37 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. மற்றப் பிரிவில் அது ஏறக்குறைய 16 சதவீதம்தான். வலியிலும் முதல் பிரிவாருக்கே அதிக நிவாரணம் கிடைத்திருந்தது. எல்லாரும் குணமடையவில்லை என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது. நாங்களும் எல்லாருக்கும் குணம் வாக்களிப்பதில்லை.

திண்ணையில் ஐந்து நிமிஷம்

அந்தச் சகோதரிக்கு வருவோம். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் காட்டினோம். மகளையும் கணவரையும் அழைத்து, கொஞ்ச நாளைக்கு அவரைத் தனியே விடவேண்டாம் என்று சொன்னோம். மருந்து தொடங்கியது. அவரிடம் நாங்கள் மன்னிப்பும் கேட்டோம். "படுக்கச் சொன்னது எங்கள் தவறு அம்மா. இனி எழுந்திருக்க நாங்கள் கூட இருக்கிறோம்" என்றோம்.

பிசியோதெரபி சகோதரி ஒரு நாற்பது பக்க நோட்டுக் கொடுத்தார். முதல் வாரக் கணக்கு, காலையும் மாலையும் திண்ணையில் ஐந்து நிமிஷம் உட்காருவது. அடுத்த வாரம் ஏழு நிமிஷம். பிறகு வாசலிலிருந்து வேப்பமரம்வரை போய்த் திரும்புவது. மகள்தான் நோட்டில் கோடு போட்டாள். ஆறாம் வாரம் வந்தபோது, "ராத்திரி நாலு மணிவரைக்கும் தூங்கிட்டேன்" என்றார். வலி மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாம் மாதம் ஒரு சறுக்கல். உடம்பு லேசாக இருந்த ஒரு நாளில், நாத்தனார் வீட்டுக்கு விருந்தாள் வந்தார்கள் என்று உற்சாகத்தில் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டி, தண்ணீரும் சுமந்துவிட்டார். மறுநாள் எழும்ப முடியவில்லை. மூன்று நாள் படுக்கை. நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, "இனி வரமாட்டேன்" என்று சொல்லியனுப்பினார். எங்கள் நர்ஸ் அந்த ஊருக்கு பஸ் ஏறிப் போனார். திண்ணையில் அவரோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "பழையபடி ஐந்து நிமிஷத்திலிருந்து ஆரம்பிப்போம், அக்கா" என்று மட்டும் சொன்னார். மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

ஐந்தாம் மாதம் அவர் எங்கள் மேசைமேல் ஒரு சிறிய ஓலைப் பெட்டியை வைத்தார். முன்பெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடைந்துவிடுவாராம். இதற்கு நான்கு நாள் ஆயிற்றாம், ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு ஓரம் சற்றுக் கோணலாக இருந்தது. அதையும் அவரே சுட்டிக்காட்டினார். வலி எப்படி என்று கேட்டோம். முன்பு பத்துக்கு எட்டு என்று சொல்லுவார், இப்போது ஐந்து அல்லது ஆறு என்றார். ஆலயத்தில் பின்வரிசையில் சுவரோரமாக ஒரு தலையணை வைத்து உட்காருகிறார், நடுவில் ஒரு முறை எழுந்து நின்றுகொள்ளுகிறார். வலி போகவில்லை. அவர் எழுந்துவிட்டார்.

நாட்பட்ட வலியில் நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். வலி போனபின் வாழ்க்கை திரும்பும் என்று காத்திருந்தால், பலருக்கு இரண்டுமே நடப்பதில்லை. செய்கை முதலில் திரும்புகிறது, அதன் பின்னாலே மனம் தேறுகிறது, வலி அவற்றுக்குப் பின்னால் மெதுவாகக் குறைகிறது. சிலருக்குக் குறையாமலும் இருக்கிறது. அவர்களும் வாழவேண்டும்.

இதற்கு முன்மாதிரி நம்முடைய மிஷன் மருத்துவமனைகளின் சரித்திரத்திலேயே உண்டு. வேலூரில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ், 1954-இல் நடந்த ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். அவருக்கு இருந்தது வேறு துன்பம். ஆனால் பழைய சரீரம் திரும்பட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் கனி.

நீங்கள் செய்யக்கூடியது

சகோதர சகோதரிகளே, உங்கள் சபையிலும் தெருவிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சந்திக்கப் போகும்போது சிலவற்றை மனதில் வைக்கும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.

"விசுவாசம் இருந்தால் இப்படி இருப்பாயா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எங்களிடம் வருகிறவர்களில் பலர் வலியைச் சுமப்பதோடு இந்தக் குற்ற உணர்வையும் சுமக்கிறார்கள். எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழே படுத்து, சாகவேண்டும் என்று கோரினதை வேதத்தில் வாசித்திருக்கிறோம். அவருக்கு அப்போது கடிந்துகொள்ளுதல் வரவில்லை. தூக்கமும், சுடச்சுட ஓர் அடையும், தண்ணீரும் வந்தன. மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் உணவு கொடுத்து, அதன் பிறகே நடக்கச் சொல்லப்பட்டது. சோர்ந்தவர்களை நடத்த இதைவிட நல்ல ஒழுங்கு எங்களுக்குத் தெரியவில்லை.

"வலி எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். "இன்றைக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். திண்ணைவரை வந்தேன் என்றால் அதற்காகச் சந்தோஷப்படுங்கள். முடிந்தால் அவரோடு கூட நாலு அடி நடங்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் நல்லது அதுவே. வாய் திறந்த பின்புதான் கெடுதி.

ஒருவர் "இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொன்னால், "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். கேளுங்கள், கூட இருங்கள், மருத்துவரிடம் அழைத்துவாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் டெலி மனாஸ் சேவை இருக்கிறது. 2022 முதல் நடந்துவருகிறது. இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலே பேசலாம். இந்த எண்ணை உங்கள் ஆலயத்து அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால் ஒரு ஜீவனைக் காக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறோம். ஒரு நோயாளியோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்பதற்கும், ஒரு நர்ஸ் கிராமத்துத் திண்ணைக்குப் போய்வருவதற்கும் எந்த ரசீதும் போட முடியாது. ஸ்கேன் கருவிக்குக் கொடுத்தவரின் பெயரை அதன்மேல் எழுதலாம். கேட்ட நேரத்தின்மேல் யார் பெயரையும் எழுத முடியாது. ஆனாலும் அந்தச் சகோதரியை எழுப்பியது அந்த நேரந்தான். உங்கள் உதவியும் ஜெபமும் அந்த நேரத்தை எங்களுக்குத் தருகின்றன.

அந்தக் கோணல் ஓலைப் பெட்டி இப்போது எங்கள் வெளிநோயாளி அறையில் இருக்கிறது. அந்தக் கேள்வித்தாள்களை அதில்தான் வைத்திருக்கிறோம். நீங்கள் வரும்போது பார்க்கலாம்.